சுண்ணாம்பு பூசிய மரங்கள்

"தம்பி, இந்த மரத்துக்கெல்லாம் யாரு சுண்ணாம்பு பூசினது?"

காசிம் ராவுத்தர் இப்படிக் கேட்டபோது நான் குட்டையில் குடத்தை அமிழ்த்திக்கொண்டிருந்தேன். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. குடத்துக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் அடங்கும்வரை நான் தலையைத் தூக்கவில்லை.

"தெரியலீங்களே அண்ணே" என்றேன்.

பூசியவன் நான்தான். முந்தின நாள் மத்தியானம், ஊர்ச் சனமெல்லாம் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு சட்டியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு தனியாக வந்திருந்தேன். குட்டைக்கு மேற்கே நின்ற இலுப்பை மரங்களில், மார்பு உயரத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைத் தீற்று. வெட்டப்போகும் மரங்களுக்கு அதுதான் அடையாளம்.

யுத்த காலத்தில் அரியலூர் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த ஒரு விறகு டிப்போவில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். நிலக்கரி கிடைக்காமல் ரயில் என்ஜின்கள் விறகில் ஓடிய காலம் அது. படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "அந்த வேலையில் உமக்கு மன வருத்தம் எதுவும் உண்டா?"

உண்டு. என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

தீப்பிடித்த வருஷம்

குன்னத்துக்கு இரண்டு மைல் தள்ளி, ரோட்டை ஒட்டி அந்தத் தோப்பு இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. நடுவில் ஒரு குட்டை. மேற்கே கிழட்டு மரங்கள், இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. கிழக்கே நடுத்தர வயது மரங்கள், நன்றாகக் காய்ப்பவை.

சுற்றிலும் பருத்தியும் சோளமும் விளையும் மானாவாரிக் காடு. வெயிலுக்கு ஒதுங்க மைல்கணக்கில் வேறு நிழல் கிடையாது. சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள் அங்கேதான் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு வந்தபிறகு அந்தத் தோப்புக்கு இன்னும் மதிப்புக் கூடியது. இலுப்பைக் கொட்டையைப் பொறுக்கி ஆட்டினால் விளக்குக்கு எண்ணெய். அந்தச் சுற்று வட்டாரத்தில் ஏழைகளின் வீடுகளில் விளக்கு எரிந்ததே அந்த மரங்களால்தான்.

நான் சனிக்கிழமைதோறும் அரியலூரிலிருந்து ஊருக்குக் கரி பஸ்ஸில் வருவேன். பெட்ரோல் இல்லாததால் பஸ்ஸின் பின்புறத்தில் ஒரு பெரிய இரும்பு அடுப்பைக் கட்டி, அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். வீடு போய்ச் சேரும்போது மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். தோப்பு வந்ததும் டிரைவர் கட்டாயம் நிறுத்துவார். அடுப்பு கொஞ்சம் ஆறவேண்டும், அவரும் கொஞ்சம் ஆறவேண்டும்.

அப்படி ஒரு கோடையில் நிறுத்தியபோதுதான் தோப்பின் மூலையில் சருகு எரிந்துகொண்டிருந்தது. யாரோ போட்ட பீடி. ஒரு மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பச்சைக் கொப்பால் தீயை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் குட்டைக்கும் தீக்கும் இடையே குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். நானும் இன்னும் நாலு பேரும் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடினோம். தீ அணைந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

அந்த மனிதர்தான் காசிம் ராவுத்தர். குன்னத்தில் தையல் கடை வைத்திருந்தார். அந்தப் பெண் நாகம்மாள், பக்கத்து ஊர்.

மற்றவர்கள் நடையைக் கட்டிய பிறகு, புகையில் கண் சிவந்துபோய் நாங்கள் மூவரும் குட்டைக் கரையில் உட்கார்ந்திருந்தோம். ராவுத்தர் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. இந்தச் சருக வாரி, சுத்தி ஒரு பாத போட்டுட்டா தீ உள்ள வராது."

அப்படித்தான் ஆரம்பித்தது. சங்கம், தலைவர் என்று எதுவும் கிடையாது. சில வாரம் பத்துப் பேர் வருவார்கள். அறுப்புக் காலத்தில் நாங்கள் மூவர் மட்டும்.

பினாங்குக்குப் போனவர்கள்

ராவுத்தர் பத்து வருஷம் பினாங்கில் தைத்துவிட்டு யுத்தத்துக்கு முன்பே ஊர் திரும்பியவர். அங்கே மலைச்சரிவில் ஒரு பொதுத் தோட்டம் உண்டாம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

"டிக்கெட் கெடையாது தம்பி. சீனன், மலாய்க்காரன், நம்மாளு எல்லாரும் ஒரே மரத்தடியில படுத்துக் கெடப்பான். எவனும் எவனையும் எந்திரின்னு சொல்லமாட்டான். நம்ம பக்கத்துல அப்படி ஒரு எடம் இருக்குன்னா இது ஒண்ணுதான்."

நாகம்மாளின் புருஷனும் அதே சீமைக்குப் போனவர். ரப்பர்த் தோட்டத்தில் வேலை. ஜப்பான்காரன் வந்தபிறகு கடுதாசி நின்றுவிட்டது. பினாங்கிலிருந்து வந்தவர் என்று கேள்விப்பட்டுத்தான் முதலில் ராவுத்தரைத் தேடி வந்தாளாம்.

"அவரு இருக்கிற எடம் உங்களுக்குத் தெரியுமாங்க பாய்?" என்று கேட்டிருக்கிறாள்.

"அது ரொம்பப் பெரிய ஊரும்மா" என்று சொன்னதற்குமேல் ராவுத்தரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தாள். முதல் சில வாரம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

குட்டையில் தூர் வாரினோம். வண்டிக்காரர்கள் அடுப்புக்கு வெட்டிய காயங்களில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசினோம். மரம் பட்டுப்போன இடங்களில் கன்று நட்டு, ஆடு கடிக்காமல் முள் அடைத்தோம். தை தொடங்கி மழை வரும்வரை தண்ணீர் சுமந்தோம். உள்ளங்கை காய்த்துப் போகும். திங்கட்கிழமை பேனா பிடித்தால் வலிக்கும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. "அரியலூர் ஸ்டேஷன்கிட்ட குமாஸ்தா வேலை" என்று சொல்லியிருந்தேன். பொய்யில்லை. ஆனால் எந்த இடத்தில் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாரம் முழுக்க விறகு லோடு எழுதுகிறவன் என்று அந்தத் தோப்பில் நின்றுகொண்டு சொல்ல நாக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

அந்தத் தோப்பின் மேற்குப் பாதியே எங்கள் முதலாளி கைக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. ரயிலுக்கு விறகு வேண்டும் என்று சர்க்காரிலிருந்து அனுமதி. காய்ப்பு நின்ற கிழட்டு மரங்களை மட்டும் வெட்டலாம், கிழக்கே உள்ளதைத் தொடக்கூடாது. பட்டியலை எழுதியது நான். அடையாளம் போடப் போனதும் நான். அந்தப் பக்கத்து ஆள் நீதானே என்று முதலாளி என்னையே அனுப்பினார்.

நல்ல காரியம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ராவுத்தர் ஒவ்வொரு மரமாகப் போய், வெள்ளைத் தீற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கரையானுக்குப் பூசியிருக்காங்க தம்பி. ரோட்டுப் புளியமரத்துக்குப் பூசுவாங்கள்ல, அது மாதிரி. நம்மள மாதிரியே எவனோ ஒருத்தன் வந்து செஞ்சிட்டுப் போயிருக்கான் பாருங்க. பேருகூடச் சொல்லாம!"

நான் குடத்தைக் கன்றில் கவிழ்த்தேன். மண் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டது.

"கெழக்கால பூசலியே?" என்றாள் நாகம்மாள்.

"சுண்ணாம்பு தீந்துபோச்சு போல. அடுத்த வாரம் நாம பூசிடுவோம்."

"எங்க வூட்டுல பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மிச்சம் கெடக்கு. கொண்டாறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். மேற்குப் பக்கத்தை என்னால் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் கிழக்குப் பக்கத்துக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வாரம் முழுக்க டிப்போவில் லோடு எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ராவுத்தர் நார் மட்டையை முக்கி முக்கி, ஒவ்வொரு மரத்திலும் மார்பு உயரத்தில் வட்டமாகப் பூசினார். சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனவன் நான்.

வெட்டுகிற அன்றைக்குப் பட்டியலோடு நான் நேரில் நிற்கப்போகிறேன், எது எந்த மரம் என்று காட்டிவிடப்போகிறேன், கூடுதல் சுண்ணாம்பால் என்ன வந்துவிடும்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேற்கு மரங்கள் விழுந்தபிறகு எல்லோரையும்போல நானும் அதிர்ச்சி அடைந்த மாதிரி நின்றுவிடலாம் என்றும் ஒரு எண்ணம். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

வேலை முடிந்து திரும்பிப் பார்த்தோம். தோப்பு முழுக்க ஒரே உயரத்தில் வெள்ளை.

"கல்யாண வூடு மாதிரி இருக்கு" என்று நாகம்மாள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டிப்போவில்

வெட்டு ஆட்கள் போகவேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு முதலாளி கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ ஆண்டிமடம் போ. முந்திரிக் கட்ட நெறைய கெடக்காம். பாத்துட்டு வா."

"நாளன்னிக்குக் குன்னம் தோப்புக்கு ஆளுங்க போறாங்களே மொதலாளி. பட்டியல் எங்கிட்ட இருக்கு..."

"அடையாளம் போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சுங்க."

"அப்புறம் பட்டியல் எதுக்கு? வெட்டு ஆளுங்களோட மேஸ்திரிக்கு எழுத்தே தெரியாது. சுண்ணாம்பு இருந்தா வெட்டு, இல்லாட்டித் தொடாதன்னு சொல்லியாச்சு."

வெளியே சரக்கு ரயில் ஒன்று விறகுப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. கிழக்கேயும் சுண்ணாம்பு இருக்கிறது என்றால், யார் பூசியது என்று கேட்பார். நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார். அரிசி ரேஷனில் வாங்கிய நாட்கள். டிப்போவில் வேலை செய்பவர்களுக்கு மாதம் கொஞ்சம் நெல் கொடுத்தார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

"என்னடா, வேற என்ன?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

மேஸ்திரியையாவது பார்த்துச் சொல்லியிருக்கலாம். அவர் அன்று வேறு காட்டில் இருந்தார். ஆள் அனுப்பியிருக்கலாம். ஆண்டிமடம் போகிற வழியெல்லாம் செய்திருக்கக்கூடியவற்றை யோசித்துக்கொண்டே போனேன். எதையும் செய்யவில்லை.

வெயில்

நாலாம் நாள்தான் ஊருக்குத் திரும்ப முடிந்தது. கரி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் தோப்பு வரும்போது முகத்தில் குளிர்ச்சி தட்டும், கண்ணைத் திறக்காமலே தெரியும். அன்று தட்டவில்லை. பஸ் நின்றது.

"அடப்பாவிகளா, இப்ப வண்டிய நான் எங்க நிறுத்துறது?" என்றார் டிரைவர்.

ஒரு மரம்கூட இல்லை. மேற்கும் இல்லை, கிழக்கும் இல்லை. குட்டை மட்டும் வெட்டவெளியில் கண் கூசப் பளபளத்தது. பங்குனி பிறந்திருந்தது, பூக்கிற பருவம். தரையெல்லாம் இலுப்பைப் பூ நசுங்கிக் கிடந்தது. அந்த இனிப்பு வாசனையோடு பச்சைக் கட்டையின் வாசனையும் கலந்து குமட்டியது. வெட்டிய அடிமரங்களில் பால் வடிந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் நட்ட கன்றுகளின்மேல் வண்டிச் சக்கரம் ஏறிப் போயிருந்தது.

நாகம்மாள் ஒரு அடிமரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் நடந்ததைச் சொன்னாள்.

"மொத நா மேக்கால வெட்டுனாங்க. கேட்டதுக்கு சர்க்கார் உத்தரவுன்னாங்க, என்ன பண்றது. மறுநா கெழக்கால வந்துட்டாங்க. நான் ஓடிப்போயி பாயைக் கூட்டியாந்தேன். அவரு மேஸ்திரி காலப் புடிக்காத கொற. 'இது நாங்க பூசுன சுண்ணாம்புய்யா, கரையானுக்குப் பூசுனது'ன்னு கெஞ்சுறாரு."

"மேஸ்திரி என்ன சொன்னாரு?"

"அந்தாளும் நல்ல மனுசன்தான். 'எனக்குப் படிக்கத் தெரியாதுங்க பாய். வெள்ள இருந்தா வெட்டுன்னு சொன்னாங்க. டிப்போவுலேருந்து பட்டியலோட ஒரு ஆளு வந்தா கேட்டுக்கலாம்'னு அரை நா வேலய நிறுத்தி வச்சாரு. எல்லாரும் ரோட்டயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரும் வரல" என்றாள்.

முதலாளிக்குச் சந்தோஷம். நினைத்ததைவிட இரண்டு பங்கு கட்டை. கிழக்கே வெட்டியது ஏன் என்று மேலேயிருந்தும் யாரும் வந்து கேட்கவில்லை. யுத்த காலத்தில் கேட்கமாட்டார்கள். நான் யுத்தம் முடியும்வரை அதே டிப்போவில்தான் இருந்தேன்.

தையல் கடை

அதற்குப் பிறகு ராவுத்தர் தோப்புப் பக்கம் வரவில்லை. நாகம்மாள் மட்டும், நசுங்காமல் தப்பிய நாலைந்து கன்றுக்கு முள் அடைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் எப்போதாவது போவேன். அவளோடு அதிகம் பேசமாட்டேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் மலேயாவிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். பூலாம்பாடிக்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். நாகம்மாளின் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப் போயிருக்கிறார்கள். காடு வெட்டும் வேலை. அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனேன். அவள் அழவில்லை. "பாயி வந்துட்டுப் போனாரு" என்றாள். "எம்புருசனப் பத்திப் பேசறப்பகூட அந்தத் தோப்பப் பத்தித்தான் பேசறாரு. 'எங்கையாலயே பூசிக் குடுத்துட்டேனே, எங்கையாலயே பூசிக் குடுத்துட்டேனே'ன்னு. நல்ல மனுசன், பைத்தியமாட்டம் ஆயிட்டாரு."

அவளிடம்தான் முதலில் சொன்னேன். எல்லாவற்றையும். சனிக்கிழமை மத்தியானம், பட்டியல், முதலாளி, ஆண்டிமடம்.

அவள் என்னை வையவில்லை. வைதிருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? அந்த மனுசங்கிட்டப் போயிச் சொல்லுங்க. இன்னிக்கே போங்க."

போனேன். சாயங்கால நேரம். ராவுத்தர் மிஷினில் ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். தாடியில் நரை ஏறியிருந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பாதியில் மிஷின் நின்றது. மேஸ்திரி அரை நாள் காத்திருந்தது என்னைத்தான் என்று சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் ஒரு வெங்காய வண்டி கடந்து போனது.

"நான் பூசிக்கிட்டு வரும்போது சட்டியப் புடிச்சிக்கிட்டு வந்தீங்கள்ல?"

"ஆமாங்க அண்ணே."

"அப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய விரல்கள்.

"யா அல்லா" என்றார். "அப்ப என் கை இல்ல."

அப்படியே மேஜைமேல் கவிழ்ந்து அழுதார். அவர் தோளைத் தொடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். தலையைத் தூக்காமலே கையைக் காட்டித் தடுத்தார்.

"நீங்க போங்க தம்பி. நான் உங்களுக்குக் கெடுதல் எதுவும் நெனைக்கமாட்டேன். ஆனா இனிமே ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் வராதீங்க."

"சரிங்க" என்றேன்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையாக அந்த ரோட்டில் நடந்து போகவேண்டியிருந்தது. தூரத்திலேயே தெரிந்தது. ராவுத்தர் கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டிருந்தார். நாகம்மாள் மண்ணை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. ஒதுங்க ஒரு நிழல் இல்லை.

நாகம்மாள் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்திருக்கும். மறுபடி குனிந்துகொண்டாள்.

நான் நடந்தேன்.